எட்டு மணிக்கே கழற்றிய ஆர்ச்

சங்கத் தலைவர் அவர்களே, காலை எட்டரை மணி வரை நடக்கலாம் என்று நோட்டீஸில் போட்டுவிட்டு எட்டு மணிக்கே கடையைக் கட்டினீர்கள். நான்கு பெண்கள் இன்னும் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினீர்கள்.

அந்த நால்வரில் நான் ஒருத்தி. நாங்கள் மெதுவாக வந்ததுதான் காரணம் என்று நீங்கள் பிறகு சிலரிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. மெதுவாகத்தான் வந்தோம். ஏன் மெதுவாக வந்தோம் என்பதையும் நானே எழுதிவிடுகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் ஜாக்கெட் தைக்கிறவள். டெய்லருக்கு ஊரில் யாருக்கும் தெரியாததெல்லாம் தெரியும். யார் இளைத்திருக்கிறார்கள், யார் மூன்று மாதம் என்று சொல்லிக்கொண்டு ஐந்து மாதமாக இருக்கிறார்கள், எல்லாம் டேப் சொல்லிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தோழி ஒரு பை நிறையப் பழைய ஜாக்கெட்டுகளோடு வந்தாள். உப்பிலியபுரம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அவள்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். “இடது பக்கம் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, புடிச்சுக் குடு” என்றாள். நான் டேப்பை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வயிற்று ஆபரேஷனுக்கு இந்த இடத்தில் தையல் வராது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமே என்று பேசுவார்கள். அதனால் பிறந்த வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. புருஷனுக்கும் பெண்ணுக்கும் டாக்டருக்கும் அடுத்தபடியாகத் தெரிந்தது எனக்குத்தான்.

பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பஞ்சுக்குக் கனம் போதாது, ஜாக்கெட் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டது. யோசித்துப் பார்த்து, சின்னத் துணிப்பையில் வெந்தயத்தை நிரப்பி உள்ளே வைத்தேன். கனமும் சரி, வடிவமும் சரி. என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் நோட்டீஸ் என் கடைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடை. ஸ்ரீரங்கத்தில் ஆரம்பித்து, காவிரிப் பாலம் தாண்டி, புத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் முடியும். வருகிற பணத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவசப் பரிசோதனை. நான் பெயர் கொடுத்தேன். தோழியும் வருகிறேன் என்றாள். மாடி வீட்டு மாமி, சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் திட்டியதால் சேர்ந்துகொண்டார். நாலாவது ஆள் ஸ்டோர்ஸ் அக்கா. கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்து, அங்கே சாமான் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி எங்கள் தெருவில் ஃபிளாட் வாங்கி வந்தவர். நட்டு போல்ட்டுக்குக்கூடக் கையெழுத்து வாங்கிப் பழகியவர். போனில் தூரமும் நேரமும் பதிவு செய்வது அவர் பொறுப்பு.

தினமும் காலை ஐந்து மணிக்குப் பயிற்சி. எங்கே நடப்பது? அம்மா மண்டபம் ரோட்டில் நாய்த் தொல்லை. மாமி சித்திரை வீதி என்றார். கோயிலைச் சுற்றி நாலு வீதி, தார் ரோடு, விளக்கு வெளிச்சம். எனக்கும் சரியென்று பட்டது. அங்கேதான் தப்புச் செய்தோம்.

சித்திரை வீதியில் நடந்தால் அது நடைப்பயிற்சி ஆகாது, பிரதட்சிணம் ஆகிவிடும். மாமி ஒவ்வொரு கோபுரம் எதிரிலும் நின்றார். கைகூப்பி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் அடுத்த அடி. அவர் நிற்கும்போது நாங்கள் மட்டும் போக முடியுமா? நாங்களும் நின்றோம். மூன்றாம் வாரம் மாமி வராத ஒரு நாளிலும் நாங்கள் மூன்று பேரும் கோபுரத்தைக் கண்டதும் தானாக நின்றோம். கால் பழகிவிட்டது.

இன்னொன்று, எப்போதும் வலப்பக்கமாகத்தான் திரும்புவோம். ஸ்டோர்ஸ் அக்கா ஒரு நாள், வலது முட்டி வலிக்கிறது, இன்றைக்கு மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றலாமே என்றார்.

“பெருமாளை இடது கைப்பக்கம் வெச்சுண்டு நடக்கறதா? நீங்க நடங்கோ. நான் ஆத்துக்குப் போறேன்” என்றார் மாமி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு மாதத்தில் நாங்கள் ஒரு முறைகூட இடப்பக்கம் திரும்பவில்லை.

என் கண்டுபிடிப்பும் இந்தப் பயிற்சியில்தான் சிரிப்பாய்ச் சிரித்தது. மூன்று சுற்று நடந்தால் ஜாக்கெட் தெப்பலாக நனையும். வெந்தயத்தை நனைத்தால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். தைக்கும்போது எனக்குத் தோன்றவில்லை. நான்காம் நாள் பை உப்பிப்போய் அளவே மாறிவிட்டது. வாசனை வேறு, பக்கத்தில் யார் வீட்டிலோ ஊறுகாய் தாளிக்கிறார்கள் என்று மாமி இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தோழி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “இன்னும் ரெண்டு நாள் விட்டீன்னா கீரை பறிக்கலாம்” என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தோம். என்ன விஷயம் என்று மாமியும் அக்காவும் கேட்டார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்கும் சொன்னாள். மாமி, கடுகு வைத்திருக்கலாமே, அது ஊறாதே என்றார். அடுத்த பை கடுகில் தைத்தேன்.

இதற்கிடையில் வேறொரு வம்பு ஆரம்பித்தது. நாலு பேர் விடாமல் தினமும் சுற்றினால் வீதி சும்மா இருக்குமா? ஏதோ பெரிய வேண்டுதல் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் பூக்காரம்மா வழி மறித்து, அவர் வீட்டுக்காரர் முட்டிக்கு ஒரு சுற்று சேர்த்துச் சுற்றச் சொன்னார். நான் முடியாது என்று சொல்வதற்குள் மாமி ஆகட்டும் என்றுவிட்டார். மறுநாள் இன்னொருவர் பையன் விசாவுக்கு ஒரு சுற்று. ஒரு வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருந்தாள், அவள் திரும்பி வர இரண்டு சுற்று. ஸ்டோர்ஸ் அக்கா இதற்கென்று ஒரு நோட்டே போட்டார். இன்ன தேதி, இன்ன வீடு, இத்தனை சுற்று, முடிந்தது, முடியவில்லை. பூக்காரம்மா வீட்டுக்காரர் முட்டியை நாங்கள் சரிசெய்துகொண்டிருக்க, அக்கா முட்டி வீங்கிப்போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று சுற்றோடு மூச்சு வாங்கிய தோழி, ஊர்க்காரர்கள் புண்ணியத்தில் ஐந்து சுற்று நடக்கத் தொடங்கினாள்.

நடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வடக்குச் சித்திரை வீதியில் ஒரு அம்மாள் தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு நின்றார். எங்களில் யாரைப் பார்த்து என்ன தோன்றியதோ, நேராகத் தோழியிடம் வந்தார். என்ன வேண்டுதல் என்று தெரிந்தால் தானும் ஒரு மண்டலம் சுற்றுவாராம். எனக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது.

“வேண்டுதல் எல்லாம் இல்லைங்க. மார்பகப் புற்றுநோய்க்காக நடக்கிறோம்.”

அந்த அம்மாள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு சாண் இருக்கும். “யாருக்கு?” என்று கேட்டார்.

“எனக்குத்தாங்க. பயப்படாதீங்க, குங்குமம் வழியா ஒட்டாது” என்று சொல்லி, தோழி எட்டிப் போய்த் தானே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மூன்றே சுற்றில் வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் கடைக்கு வந்து, நான் இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த நடை விண்ணப்பத்தைக் கேட்டாள். உங்கள் விண்ணப்பம்தான், தலைவரே. ஓரத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். நோயிலிருந்து மீண்டவர்கள் அதில் டிக் செய்தால், நடை முடிகிற இடத்து ஆர்ச்சுக்குள் நுழையும்போது அவர்கள் பெயர் மைக்கில் வாசிக்கப்படும். ஒரு மாதமாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தவள் அன்று டிக் செய்து, உங்களுக்கு அனுப்பச் சொன்னாள்.

வரன் விஷயம் என்ன ஆகும் என்று கேட்டேன். பெண்ணிடம் பேசிவிட்டாளாம். இதைக் கேட்டு ஓடுகிற வீட்டுக்காரர்கள் பஜ்ஜி சாப்பிடுவதற்கு முன்னாலேயே ஓடட்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதாம். இருந்தாலும் மைக் எதற்கு என்றேன்.

“ஆளாளுக்குத் தனித்தனியாச் சொல்லி, அவங்க அழுது, அவங்களை நான் தேத்தி, அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. மைக்ல ஒரு தடவை சொல்லிட்டா முடிஞ்சிரும்ல.”

உப்பிலியபுரத்திலிருந்து அண்ணனையும் அண்ணியையும் முதல் பஸ் பிடித்து மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. மைக் சொல்லும் என்று விட்டுவிட்டாள்.

நடை நாள். எல்லோருக்கும் ஒரே அளவில் ரோஸ் பனியன் அனுப்பியிருந்தீர்கள். மாமிக்கு அது தலையோடு நின்றுவிட்டது. நான் பக்கத்தைப் பிரித்து, பழைய பாவாடைத் துணியில் ஒட்டுக்கொடுத்துத் தைத்து, மடிசாருக்கு மேலே போட்டுவிட்டேன். ஆறரைக்குக் கிளம்பினோம். நாங்கள் வேகமாகத்தான் கிளம்பினோம். ஆனால் இந்த ஊர் ரோட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பிள்ளையார். முதல் பிள்ளையாரைக் கண்டதும் நான்கு பேர் காலும் நின்றுவிட்டது. பின்னால் வந்த காலேஜ் பெண்கள் எங்கள் மேல் வந்து மோதினார்கள். எட்டுக் கோயிலில் நின்றோம், அக்கா எண்ணினார். முதல் இடப்பக்கத் திருப்பம் வந்தபோது மாமி ரோட்டு நடுவில் நின்று, இப்படிப் போகலாமா என்று கேட்டார். இங்கே பெருமாள் இல்லை, டிராஃபிக் போலீஸ்தான் இருக்கிறார் என்று சொல்லி இழுத்து வந்தேன். பாலத்தில் காவிரியைக் கும்பிட வேறு நின்றோம்.

அங்கேதான் உங்கள் தொண்டர் பைக்கில் வந்தார். ரோஸ் பனியன், கழுத்தில் அட்டை. எங்களை எண்ணினார். போனில் யாரிடமோ, பாலத்தில் நாலு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னார். “நிதானமா வாங்கம்மா, எட்டரை வரைக்கும் இருக்கு” என்று எங்களிடமும் சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் உங்களுக்குத் தெரியும் என்று எழுதுகிறேன்.

மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்தது எட்டு பதிமூன்றுக்கு. அக்காவின் போனில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஆர்ச் இல்லை. அதன் மூங்கில்கள் லோடு ஆட்டோவில் கிடந்தன. ரோஸ் துணியால் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் காரில் ஒரு காலை வைத்தபடி நின்றீர்கள். சிறப்பு விருந்தினருக்கு ஒரு முகூர்த்தம் இருந்ததாம், அவர் அவசரத்துக்காக எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிட்டீர்களாம். இவள் பெயரை வாசிக்க வேண்டுமே என்று நான் கேட்டேன். நீங்கள் சொன்னது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

“அதனால என்னம்மா, வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடறோம்.”

கூடவே நாலு சான்றிதழை எடுத்து நீட்டினீர்கள். கையெழுத்துப் போட்டிருந்தது, பெயர் இடம் காலி. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றீர்கள். மாமி பேனா கேட்டார், அதுவும் உங்களிடம் இல்லை.

தோழியின் அண்ணனும் அண்ணியும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். அவள் பெண் அவர்கள் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, படம் எடுக்க ஒன்றும் இல்லாமல் நின்றாள். தோழி சுண்ணாம்புக் கோடு வரைக்கும் நடந்தாள். அது மட்டும்தான் மிச்சம் இருந்தது. கோட்டைத் தாண்டினாள். அண்ணன் அருகில் வந்து, “என்னம்மா விசேஷம், இவ்ளோ தூரம் வரச் சொன்ன?” என்று கேட்டார்.

அவள் மைக்காரரைப் பார்த்தாள். அவர் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லண்ணே. நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னாங்க. அதான்.”

அண்ணன் சிரித்தார். வீட்டு வாசலிலேயே நடக்கலாமே, இதற்கு இவ்வளவு கூட்டமா என்றார். பொங்கல் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். நாங்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். டிக்கெட் எடுத்ததும் தோழி, “இன்னொரு தடவை எனக்கு இந்தத் தைரியம் வருமான்னு தெரியல” என்றாள். நான் திட்டுவதற்கு நல்ல வார்த்தையாகத் தேடினேன், கிடைத்ததெல்லாம் பஸ்ஸில் சொல்லக்கூடியதாக இல்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்டதையும் பார்த்தோம். விருந்தினர் ரிப்பன் வெட்டும் படம் பன்னிரண்டு. நன்றி, நன்றி, நன்றி. இவள் பெயர் அதிலும் இல்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுது என்றாள். அதனால் யார் பெயரையும் போடவில்லை, உங்கள் பெயரையும் சேர்த்துத்தான். அவள் பெயரைச் சொல்ல வேண்டிய வேலை என்னுடையதும் இல்லை. அவள் அதை நம்பிக் கொடுத்தது உங்களிடம்.

உங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் அதே மைதானத்தில் நடக்கிறது என்று போஸ்டர் பார்த்தேன். நாங்கள் நான்கு பேரும் முன் வரிசையில் உட்காருவோம். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், கடைக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். பாலத்தில் நாலு பேர் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகும் எட்டு மணிக்கு அந்த ஆர்ச்சைக் கழற்றச் சொன்னது யார்? மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.