நம்ம ஆளுக இல்லாத விடுதி

என்னை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தபோது, படிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "அங்கிட்டு நம்ம ஆளுக யாரு இருக்கா?" என்று மாமா கேட்டார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

குளத்தூர்ப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பா மலேயாவில் இருந்தார். யுத்தம் அங்கே போன பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அதனால் என் அம்மாவின் அண்ணன், அதாவது என் தாய்மாமா, வைத்ததுதான் சட்டம். அம்மாவை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஆத்தா தன் அண்ணன் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் எனக்காக இரண்டு கல்லூரிகளில் சொல்லி வைத்திருந்தார். ஒன்று சென்னையில். அங்கே மாமாவின் கேள்விக்குப் பதிலாக ஓர் ஆள்கூட இல்லை. மற்றது திருச்சியில். அதன் பக்கத்திலேயே எங்கள் ஆட்கள் நடத்திய பெண்கள் விடுதியும் இருந்தது. எனக்கும் திருச்சிதான் வேண்டும். சாயங்காலம் கும்மி, கோலாட்டம், சனிக்கிழமை மலைக்கோட்டை, நம் வீட்டு ருசியில் குழம்பு என்று ஆலங்குடியிலிருந்து போன பெண்கள் லீவில் வந்து அளந்து விட்டிருந்தார்கள். நான் பாதி மனதை அங்கே அனுப்பியாகிவிட்டது.

விடுதியைப் பார்க்க ஆத்தாளும் நானும் ரயிலேறினோம். வாசலிலேயே ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் மனைவிக்குத் தங்கை மகள் அவள்.

"வாங்க மதினி!" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை.

"தையில எங்க அண்ணனுக்கும் ஒங்களுக்கும் கல்யாணமாமே! பெரியப்பா வந்து சொல்லிட்டுப் போனாங்க. அதுவரைக்கும் பொழுது போக இங்க இருக்கட்டும்னாங்க."

அவளுடைய பெரியப்பா என்றால் என் மாமா. அண்ணன் என்றால் மாமா மகன். என் கல்யாணம் திருச்சி விடுதிக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

திருச்சி ஜங்ஷனில் என்னை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு டிக்கெட் ஜன்னலில் போய் நின்றாள். "மெட்ராசுக்கு ரெண்டு" என்றது என் ஆத்தாதான். குளத்தூருக்கும் புதுக்கோட்டைக்கும் அப்பால் அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தவள்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"தெரியட்டும். மாத்துச் சேல இல்லையேன்னு அழுவாத. பையத் தூக்கு."

சென்னைக் கல்லூரி விடுதியில் சாப்பாட்டு அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரே நீள மேசையில் மலையாளத்துப் பெண், தெலுங்குப் பெண், முக்காடு போட்ட பெண், கழுத்தோடு முடி வெட்டிய பெண் என்று எல்லாரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தி தன் தட்டிலிருந்த முட்டையை வெட்டிப் பக்கத்தில் இருந்தவளுக்கு வைத்தாள். யார் வீட்டுச் சமையல், யார் தொட்டது என்று கேட்பாரில்லை. வெளியே ஒருத்தி கெண்டைக்கால் தெரிய சைக்கிள் விட்டாள். பக்கத்துத் தெருவில்கூடக் கை நனைக்காத ஆத்தா இதையெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அப்பாடா, திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன்.

விடுதி வார்டன் மலையாளத்து அம்மாள், மலையாளம் கலந்த தமிழ் பேசினார். ஆத்தா அவரிடம், "இங்க எங்க பக்கத்து ஆளுக யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் யாரும் வந்திட்டில்ல அம்மா."

"சமைக்கிறவங்க, தோட்டக்காரங்க?"

"இல்லை."

"வந்து பாத்துட்டுப் போறவங்களாச்சும்?"

வார்டனுக்கு எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப இங்கயே சேத்துக்கங்க" என்றாள் ஆத்தா.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வெட்கமில்லாமல் அத்தனை பேருக்கு முன்னால் கத்தினேன். "இந்தக் கூட்டத்துலயா என்னைய விட்டுட்டுப் போற? ஒரு முகம் தெரியுமா எனக்கு?"

"தெரியாது. இதுல ஒருத்தி ஒன்ன மதினின்னு கூப்பிடுவாளா?"

அவ்வளவுதான். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். முதல் மாதம் முழுக்க அவள் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. மேசையில் யாரோடும் பேசாமல் சாப்பிட்டேன். முட்டையைப் பங்கு வைத்தாளே, அவள்தான் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடி, கடைசியில் சிரிக்கவும் வைத்தாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாமா வந்து சண்டை போடுவார் என்று வழியெல்லாம் நடுங்கிக்கொண்டு போனேன். அவர் சண்டை போடவில்லை, எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லையாம். ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு முந்தின நாள் அவர் வீட்டு வண்டி, தங்கைக்குச் சீராகப் புதுப்பானையும் பச்சரிசியும் கரும்பும் மஞ்சள் கொத்தும் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்கும். ஆத்தா கல்யாணமாகி வந்ததிலிருந்து அது தப்பியதில்லை.

அன்று வாசல் தெளித்துவிட்டு ஆத்தா இருட்டும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பழைய பானையைப் புளி போட்டு விளக்கி அடுப்பில் ஏற்றினாள். பால் பொங்கியபோது குலவை போடத் துணைக்கு ஒருத்தரும் வரவில்லை. நம் ஆட்கள் யாரும் இல்லாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டவள் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.