வசில் திருநாளில் முதல் கால்

மலினா யோர்தனோவா பல்கேரிய நகரமொன்றின் ஓரத்தில், ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் ரோமா மக்களின் குடியிருப்பில் பிறந்து, அங்கிருந்த பள்ளியிலேயே நான்கு வகுப்பு படித்தவள். படித்தாள் என்பது பதிவேட்டுக் கணக்கு. ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். வந்த நாளில் அடுப்பருகே தூங்குவார். தன் பெயரை எழுத அவள் கற்றுக்கொண்டது இருபத்தாறாம் வயதில், தையல் ஆலை கொடுத்த அடையாள அட்டையைப் பார்த்து.

அதனால்தான் 2001 செப்டம்பர் 17, திங்கட்கிழமை, குடியிருப்புப் பிள்ளைகளை நகரத்துப் பள்ளியில் பல்கேரியப் பிள்ளைகளோடு சேர்க்கப் பேருந்து வந்தபோது, துணைக்குப் போகும் வேலையைச் சண்டை போட்டு வாங்கினாள். காலை 6.50க்கு முதல் கதவைத் தட்டுவாள். 7.25க்குள் நாற்பத்தாறு பிள்ளைகளும் பேருந்தில் இருப்பார்கள்.

ஜனவரி 10, வியாழன். தலைமை ஆசிரியை பென்கா கிறுஸ்தேவா அவளை அழைத்தார்.

"பதினாலாம் தேதி அரையாண்டுப் பரீட்சை. எழுதாத புள்ளைங்க உங்க பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகட்டும்."

"மேடம், அன்னைக்கு எங்களுக்கு வசில் திருநாள், எங்க புது வருஷம். மூணு நாள் கொண்டாட்டம். பதினேழுக்கு வச்சுக்கக் கூடாதா?"

"உங்க திருநாளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் காத்துக்கிட்டு இருக்குமா?"



வசில் திருநாள் காலையில் வீட்டு வாசலை முதலில் மிதிக்கும் காலைப் பொறுத்துத்தான் அந்த வருடம் அமையும். நல்ல கால் ராசிக்காரர் யாரையாவது சொல்லிவைத்திருப்பார்கள். அவர் வரும்வரை கதவு திறக்காது. மலினாவோ ஆறு வருடத்துக்கு முன் கணவனை டான்யூப் ஆற்றில் பறிகொடுத்தவள். அவளை எவரும் சொல்லிவைத்ததில்லை.

ஜனவரி 14, திங்கள், 6.50. பனி கணுக்கால்வரை கிடந்தது. அங்கெல் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் மூன்று பிள்ளைகளும் அவள் பேருந்தில் வருபவர்கள்.

"யாரது?"

"நான்தான், மலினா. பஸ் நிக்குது."

"அடிப்பாவி! என் மச்சான் இன்னும் வரலியே. புருஷன ஆத்துக்குக் குடுத்தவ காலா எனக்கு வாய்க்கணும்?"

"ஆமாடா, குடுத்துட்டுத்தான் நிக்கிறேன். இந்த வருஷம் குதிர செத்தாலும், கூரை ஒழுகினாலும் என்னால தான்னு சொல்லிக்கோ. இப்ப கதவத் தொற."

"பரீட்சைய வேணும்னே இன்னைக்கு வச்சிருக்காங்கக்கா. புரியலையா உனக்கு?"

"நல்லாப் புரியுது. திருநாள் வாத்துக்கறி தின்ன வீட்ல ஒக்காந்துட்டாங்கன்னு அந்தப் பெரிய டீச்சரம்மா எழுதி, மூணு புள்ளைங்க பேரையும் அடிச்சிரும். அத எழுத விடமாட்டேன்."

உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு அங்கெலின் மனைவிதான் கதவைத் திறந்தாள். மலினா வலது காலை எடுத்து, எல்லோரும் பார்க்க, நன்றாக அழுத்தி உள்ளே வைத்தாள். இருபத்தொன்பது வீடுகள். நான்கு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவிடுக்கு வழியாகத் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு கிழவர் மட்டும், "நீ வந்ததும் நல்லதுக்குத்தான், என் மருமக வந்த வருஷத்தவிட மோசமாவா போயிரும்?" என்று சிரித்தார். பேருந்து இருபது நிமிடம் தாமதம். பிள்ளைகள் நாற்பத்தாறு பேர், புத்தாடையில்.

தேர்வு முடிந்ததும் தலைமை ஆசிரியையின் மேசைமுன் நின்றாள்.

"எல்லாரும் எழுதியாச்சு மேடம். நாளைக்கும் நாளான்னைக்கும் வரமாட்டாங்க. திருநாள் லீவுன்னு எழுதிக்கோங்க."

"அப்படி ஒரு லீவே கிடையாது."

"ஏழாம் தேதி பக்கத்தத் திருப்புங்க. உங்க இவான் திருநாள். இவான், இவான்கான்னு பேர் வச்ச உங்க பதினொரு புள்ளைங்க பள்ளிக்கூடம் வராம வீட்ல கேக் வெட்டுச்சு. ஒருத்தருக்காவது ஆப்சென்ட் போட்டிருக்கா?"

"அது எப்படித் தெரியும் உனக்கு?"

"தெனமும் எம் புள்ளைங்கள எண்ணும்போது உங்க புள்ளைங்களையும் சேத்துத்தான் எண்ணுறேன். ஒரே வகுப்புதானே? வேணும்னா கல்வி அலுவலகத்துக்கும் எண்ணிக் காட்டுறேன்."

தலைமை ஆசிரியை பக்கத்தைத் திருப்பினார். பதினொரு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. "போ," என்றார்.

ஜனவரி 17, வியாழன். பள்ளி வாசலில் தலைமை ஆசிரியையே பதிவேட்டோடு நின்று பெயர் வாசித்தார். நாற்பத்தாறு பெயர்களில் ஒன்றும் அடிக்கப்படவில்லை. ஆனால் பதில் சொன்னவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

"மூணு பேரக் காணோமே?"

"மூணு நாள் தின்னது இன்னும் செமிக்கல மேடம், தூங்குதுங்க. பேனாவ மூடி வைங்க," என்றாள் மலினா. "பஸ்ஸத் திருப்பச் சொல்லிட்டேன். போய்த் தூக்கிட்டு வரேன்."