கறி மீன்

எங்கள் தங்கச்சிமடத்தில் விசைப்படகு கரைக்கு வந்ததும், கூலி போக, வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் மீன் உண்டு. கறி மீன் என்போம். எல்லாரும் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். யாக்கோபு என்கிற நான் மட்டும் கரையிலேயே வியாபாரி வீரமணியிடம் விற்றுவிடுவேன். வீட்டுக்கு, யாரும் சீண்டாத பொடிக் காரல். அதில் சதையைவிட முள் அதிகம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் யாரிடமும் கையேந்தக்கூடாது, மகள் பிரெசில்லா கல்யாணத்துக்குக் கடன் வாங்கக்கூடாது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்களே, அதில் முதல் பாதியில் நான் கெட்டிக்காரன். எங்கள் வீட்டு மின்விசிறி ஒன்றாம் நம்பரைத் தாண்டியதில்லை. ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நீங்க செத்தா பெட்டிக்குள்ள ஜெபமாலைக்குப் பதிலா பாஸ்புக்கத்தான் வைக்கணும்" என்பாள் என் மனைவி ஜோதிமேரி. ஜெபமாலை மிச்சம்தானே என்று எனக்குத் தோன்றும்.

போன மாதம் பாம்பனிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயபால் படகு ஓட்டுகிறவன், தங்கமான பையன். பிரெசில்லாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"என்ன மீனு ஆத்தா நல்லா சமைப்ப?" என்று அவன் அம்மா கேட்டார்.

"காரல் மட்டுந்தான். கறி மீன அய்யா கரையிலயே வித்துருவாக."

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் கரையில் நகையை விற்பார்கள், வலையை விற்பார்கள், கறி மீனை விற்க மாட்டார்கள்.

"அண்ணே, நகை நட்டு நாங்க கேக்கல. வீட்டாளு வாயில போறதயும் காசாக்குற வீட்ல வளந்த பிள்ள, எம்மகனுக்கு வயிறாரப் போடுமான்னு யோசனையா இருக்கு."

"வேணும்னா ரெண்டு பவுன் கூடப் போடுறேன்" என்றேன். கஞ்சன் வாயில் தப்பான நேரத்தில்தான் தாராளம் வரும். பிரெசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜோதிமேரிதான் அவர்கள் கையைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். வந்து பார்த்து முடிவு சொல்கிறோம் என்றார்கள்.

சனிக்கிழமை கடலில் மீன்பாடு மோசம். அன்றைக்குப் பார்த்துக் கறி மீனாகவே காரல்தான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் வீரமணியிடம் போய் நின்று விளைமீன் கேட்டேன். என் மீனுக்குக் கொடுக்கும் விலையைப்போல இரண்டு மடங்கு சொன்னான்.

"என்னடா, எங்கிட்டயேவா?"

"ஒங்ககிட்ட வாங்கும்போது ஒரு வெல, ஒங்களுக்கு விக்கும்போது ஒரு வெலண்ணே. தொழிலு."

வயிறெரிய வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். குழம்பு வாசம் தெருமுனை வரை போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, பரிமாற வந்த பிரெசில்லாவைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ திங்கிறதப் பாக்கணும்" என்றார்.

அவள் முள்ளைத் தேடித் தேடி ஒரு வாய் வைத்தாள். பிறகு தேடவில்லை. தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள், இன்னும் சோறு கேட்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். "பிள்ளைக்கு ருசி தெரியுது. எங்களுக்குச் சம்மதம்" என்றார். ஜோதிமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் உயிர் வந்தது.

அப்போதுதான் பிரெசில்லா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அய்யா, இத்தன நாளா நீங்க வித்தது இதத்தானா?"

என் தட்டிலிருந்த துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.