கலைத்துவிட்ட ஆட்டம்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் செஸ். கருமத்தம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சரான என் தலையில் அதைக் கட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கோபத்தை அடக்கவும் தோல்வியைத் தாங்கவும் செஸ் சொல்லித்தருமாம். அந்தப் பள்ளியிலேயே மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான்தான்.

நான் ஒரு விதி வைத்தேன். தோற்றவர் எழுந்து நின்று, கை கொடுத்து, "தோத்துப்போட்டனுங்க" என்று சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒரே அழுகை. அப்புறம் பழகிவிட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அப்பா அம்மா இருவரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். காயை வெட்டுவதற்கு முன் எதிரில் இருப்பவரிடம் அனுமதி கேட்பாள். வேண்டியதில்லை என்று எத்தனை தடவை சொல்லியும் விடவில்லை. கேட்காமல் எடுத்தால் பிடுங்குகிற மாதிரி இருக்கிறதாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு ஜோடி வரவில்லை. நான் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் என் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டார். வகுப்பே சுற்றி நின்றது. அவள் என் ராணியைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துக்கட்டுங்களா மிஸ்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் காய்களை வாரி டப்பாவில் போட்டேன். மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அவள் கீழே விழுந்த சிப்பாயைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, வாரேனுங்க மிஸ் என்று போனாள்.

திங்கட்கிழமை அவளிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை அவள் அப்பாதான் டி.சி. வாங்க வந்தார். ஈரோட்டில் தறி வேலை கிடைத்துவிட்டதாம், ஞாயிறே குடிபோய்விட்டார்களாம். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். கூப்பிட ஒரு மாதம் மனசு வரவில்லை. மனசு வந்து கூப்பிட்டபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

இரண்டு வருடமாகிறது. இப்போது ஒன்பதாவது படிப்பாள். ஈரோடு பஸ்ஸைக் கண்டால் ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறேன். ஒரு தடவை அவள் எதிரில் உட்கார்ந்துவிட மாட்டோமா என்று அப்படி ஏங்குகிறேன்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தோற்றுக் கை கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, நீங்கள் தோற்றதே இல்லையா என்று கேட்டாள். தோற்றிருக்கிறேன் என்றேன்.

"அப்ப எந்திரிச்சு நின்னு சொன்னீங்களா மிஸ்?"

"இன்னும் சொல்லல கண்ணு."