கோல்கீப்பர் இல்லாத ஆட்டம்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நான் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரெசர், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவன். மருந்தே இல்லாத ஆஸ்பத்திரியில் டிரெசருக்கு என்ன வேலை? அதனால் பந்தாட்டத்துக்கு ரெப்ரியாகவும் இருந்தேன்.

ஒரு நாள் ஜப்பானிய அதிகாரிக்கு ஆட்டம் பார்க்க ஆசை வந்தது. தோட்டத்து டீமும் டவுன் டீமும் மோத வேண்டும் என்று உத்தரவு. மைதானத்துக்கு வந்த பிறகுதான் மொழிபெயர்ப்பாளர் இன்னொன்றையும் சொன்னார்: சீனர் யாரும் ஆடக்கூடாது. டவுன் டீமின் கோல்கீப்பர் ஆ செங், சீனக் கோப்பிக் கடைக்காரர் மகன். அந்த வட்டாரத்தில் அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். அவன் போய்க் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டான்.

டவுன் கேப்டன் சாலே வேறு ஆளை நிறுத்த மறுத்துவிட்டார். பத்துப் பேரோடு ஆடுகிறோம், கோல் காலியாகவே இருக்கட்டும் என்றார். எங்கள் ஆட்களுக்குக் கொண்டாட்டம்தான் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் கேப்டன் முனியாண்டி, பால்மரம் வெட்டுகிறவன், என்னிடம் வந்தான்.

"ஐயா, ஆளில்லாத கோலுல அடிச்சு ஜெயிச்சா லயத்து வீடுங்கள்ல எல்லாம் சிரிப்பாங்க லா. நம்ம கீப்பரையும் வெளிய கூப்பிட்டுக்கிறேன்."

விசில் ஊதினேன். அதன் பிறகு எந்தப் பக்கம் உதைத்தாலும் கோல். எண்ணுவதை நானே விட்டுவிட்டேன். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, இது என்ன விளையாட்டு என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். குனிந்து வணங்க மறந்தாலே அடி விழுந்த காலம்.

"கோல்கீப்பர வெளிய உக்கார வச்சிட்டீங்க, துவான். அவன் இல்லாம ஆட்டம் இப்படித்தான் இருக்கும்," என்றேன்.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஆனால் அதிகாரி காலிக் கோலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஆ செங்கை உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார். எங்கள் கீப்பரும் ஓடினான். அதற்குப் பிறகு ஒரு கோல்கூட விழவில்லை. அதிகாரி கடைசிவரை ரசித்துப் பார்த்தார்.

ஜப்பான் சண்டை முடிந்து பல வருஷம் கழித்து, எங்கள் வட்டாரப் பந்தாட்டச் சங்கத்தில் ஒரு கூட்டம். கம்பெனி வேலையாக வந்திருந்த ஜப்பானிய இளைஞன் ஒருவன் ஆட அனுமதி கேட்டிருந்தான். கூடாது என்றார்கள் பலர். எனக்கும் மனம் ஒப்பவில்லை. கமிட்டியில் ஆ செங்கும் இருந்தான். அவனுடைய அண்ணனை ஜப்பான் பட்டாளம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பவே இல்லை. அதனால் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தோம். கடையில் கற்ற தமிழில் மெதுவாகச் சொன்னான்.

"எங்க அண்ணன கொண்டுபோனது இவன் இல்ல. ஆடட்டும் லா. சரியா ஆடலன்னா அப்ப வெளிய உக்கார வைப்போம்."

அந்த இளைஞனுக்கு அனுமதி கொடுத்தோம். சங்கப் பொறுப்புக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவனை வெளியே நிறுத்தும் முன், அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். எந்த நாட்டுக்காரன் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.