கால்வாய்க் கரையில் ஒரு டெம்போ

போன சனிக்கிழமை நாசிக் பக்கத்தில், ஒரு கால்வாய்க் கரையில், சேற்றில் சிக்கிய டெம்போ ஒன்றை ஏழு பேர் சேர்ந்து தள்ளினோம். ஆறு பேர் பெண்கள். மிச்சம் ஒருவன் நான்.

அது யாருடைய டெம்போ, ஏன் அங்கே வந்தது என்று அந்த ஆறு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் வரவழைத்திருந்தேன்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல நீங்கள் என் வீட்டுக்காரி பக்கம் சேர்ந்துகொள்வீர்கள். சொன்னாலும் சேர்வீர்கள் என்பது வேறு விஷயம்...

என் மனைவி இசக்கியம்மாள் போன வருஷம்தான் சைக்கிள் ஓட்டப் பழகினாள். நாற்பத்தாறு வயதில். தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அங்கே எங்கே சைக்கிள் ஓட்டுவது? விடிந்ததும் மாட்டுங்கா போய்விடுவாள். அங்கே பூங்காக்களைச் சுற்றி அகலமான தெருக்கள். அப்படியே கோமதி மாமியின் சைக்கிள் குழுவிலும் சேர்ந்துவிட்டாள். கோமதி மாமி பேங்க்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நெற்றியில் குங்குமம், தலையில் ஹெல்மெட். இவர்கள் இரண்டு பேரோடு இன்னும் நான்கு பெண்கள்.

ஒருநாள் இசக்கி வந்து சொன்னாள் - நாசிக் போகிறார்களாம். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து திராட்சைத் தோட்டம், கால்வாய்க் கரை, காட்டுப் பாதை என்று நாற்பது கிலோமீட்டர் மிதித்து, ஒரு பண்ணை வீட்டில் தங்கல். மறுநாள் திரும்பல். மாமியின் சட்டம் ஒன்றே ஒன்று. ரயிலை விட்டு இறங்கிய பிறகு, மோட்டார் வைத்த எதுவும் கிட்டே வரக்கூடாது.

நான் கவலைப்படுவதற்குப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை. லோக்கல் ட்ரெயின் நடுவழியில் இரண்டு நிமிஷம் சும்மா நின்றால் போதும். வீட்டில் கேஸை அணைத்தோமா என்று ஆரம்பித்து, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் என் மனசில் வீடே எரிந்து முடிந்திருக்கும். அப்படிப்பட்டவனிடம் காட்டுப் பாதை என்று சொன்னால்?

"வேண்டாமே" என்றேன்.

"கல்யாணம் முடிஞ்சதும் நீங்க ரயில்ல கூட்டிட்டு வந்திய. பிள்ள பெறதுக்கு ஆட்டோவுல கொண்டுபோனிய. ஊருக்குப் போனா ஸ்டேஷனுக்கு எங்க அண்ணன் வந்து நிப்பான். நானா எங்கயாவது போய்ச் சேந்திருக்கனா? எல்லாரும் என்னக் கொண்டுபோய் விட்டிருக்கிய. அம்புட்டுதான்."

"ஏன், தெனம் மார்க்கெட்டுக்குப் போகலியா?"

"அது சோலிக்குப் போறது. நான் சொல்லுதது ஒங்களுக்கு வெளங்காது."

அப்போது விளங்கவில்லை என்பது உண்மைதான். நானும் வருகிறேன் என்றேன். மாமியிடம் கேட்டோம். "தாராளமா வாங்கோ சார். ஆனா சைக்கிள்ல வாங்கோ. கவலையைக் கேரியர்ல கட்டிண்டு வரப்படாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இசக்கி விரலை நீட்டினாள். "வண்டி கிண்டி ஏற்பாடு பண்ணக் கூடாது. ஒங்களுக்காக நான் மாமிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"சேச்சே..." என்றேன்.

அன்று சாயங்காலமே முத்துப்பாண்டிக்குப் போன் போட்டேன்.

முத்துப்பாண்டி மான்குர்த்தில் இருக்கிறான். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இன்றைக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துப் பிழைக்கிறேன். அந்த மூட்டைகளைக் கொண்டுபோவது அவனுடைய டெம்போதான். ஒர்க்‌ஷாப்போடு வந்து போகிறவன் என்பதால் இசக்கி அவன் குரலைப் போனில் கேட்டிருக்கிறாள், முகம் பார்த்ததில்லை. வசதியாகப் போயிற்று.

"ஒரு கிலோமீட்டர் தள்ளியே வா. எங்கள யாருன்னே தெரியாத மாதிரி இருக்கணும்."

"அண்ணாச்சி, கடத்தல் கேஸா?"

"ஏல, எம் பொண்டாட்டிதாம்ல, ஒங்க மைனி!"

ரயிலில் சைக்கிள்களைப் பார்சல் பெட்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் வேறு பெட்டியில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"அது என்ன எறங்கி ஓடிப்போயிருமா? ஆள் மிதிச்சாத்தான ஓடும்?" என்றாள் இசக்கி. ரயில் பெட்டியே சிரித்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் எல்லை தாண்டிக் கால்வாய்க் கரையில் ஏறியதும் வேறு உலகம்! ஒரு பக்கம் தண்ணீர், கூடவே ஓடிவருகிறது. மறுபக்கம் திராட்சைப் பந்தல்கள், வரிசை வரிசையாக. ஏற்றுமதிக்குப் போகும் குலைகளுக்குக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குலைக்கும் ஒரு சட்டை. தைக்கிறவன் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது.

கொஞ்ச தூரத்தில் வைன் போடுகிற திராட்சைத் தோட்டம். பறித்துக்கொண்டிருந்த ஒரு மராட்டிப் பெண் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கொத்து கொடுத்தாள். மிளகை விடக் கொஞ்சம் பெரிது. தடித்த தோல், நிறைய விதை. ஆனால் அப்படி ஒரு தித்திப்பு. இசக்கி கொத்தை முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

"போதும். இதுலதான வைன் எடுக்காவ... தலை சுத்திரப் போவுது" என்றேன் மெதுவாக.

"கோட்டி பிடிச்சிட்டா ஒங்களுக்கு? இது வெறும் பழம்!"

மறுபடி மிதித்தோம். எஞ்சின் சத்தம் இல்லை. ஹார்ன் இல்லை. ஏழு சைக்கிள் செயின் ஓடும் சத்தம் மட்டும். முன்னால் இசக்கியின் முதுகு, ஆடாமல் அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கால் மணி நேரம் நான் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை என்றால் நம்புவீர்களா? அப்புறம், 'என்ன இது, கவலையே வரவில்லையே' என்று கவலை வந்துவிட்டது. நைசாகப் போனை எடுத்து, நாங்கள் இருக்கும் இடத்தை முத்துப்பாண்டிக்கு அனுப்பினேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். மெயின் ரோட்டில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவன், நான் அனுப்பிய லொக்கேஷனைப் பார்த்துவிட்டுக் கால்வாய்க் கரையிலேயே வண்டியை ஏற்றிவிட்டான். தண்ணீர் திறந்து விட்டிருந்ததால் கரையோரம் ஊறிக் கிடந்தது. பின்சக்கரம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

பின்னாலிருந்து எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டதும் மாமி பிரேக் போட்டார். "ஐயோ பாவம், யாரோ மாட்டிண்டிருக்கான். வாங்கோ, ஒரு கை பிடிப்போம்."

"நமக்கெதுக்கு மாமி... லேட்டாயிரும்" என்றேன்.

இசக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரோட்டுல பூனைக் குட்டி கத்துனாலே நின்னு பாக்குத ஆளு... இன்னைக்கு என்ன வந்துச்சு?"

திரும்பிப் போனோம். முத்துப்பாண்டி கைக்குட்டையை மூக்கு வரைக்கும் கட்டிக்கொண்டு, அந்நிய ஆள் மாதிரி, "தீதி, தோடா தக்கா மாரோ" என்று, கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லி ஹிந்தியில் கெஞ்சினான். நன்றாகவே நடித்தான். மூன்று தடவை தம் பிடித்துத் தள்ளினோம். மூன்றாவது தடவை வண்டி குலுங்கி மேலே ஏறியது. ஏறிய வேகத்தில் பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது.

சுருட்டி வைத்திருந்த மெத்தை ஒன்று உருண்டு வந்து, இசக்கியின் காலடியில் விழுந்து விரிந்தது.

நீலக் கோடு போட்ட மெத்தை. மூலையில் கட்டம் போட்ட யூனிஃபார்ம் துணியில் ஒட்டு. ஒட்டுப் போட்டது இசக்கி.

யாராவது விழுந்து அடிபட்டால் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டாமா? அதற்காக அனுப்பியது. வீட்டில் கேட்டதற்குப் பஞ்சடிக்கக் கொடுத்திருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

"நாசிக்லயா பஞ்சடிக்காவ?" என்று கேட்டாள் இசக்கி.

முத்துப்பாண்டி கைக்குட்டையை இறக்கினான். "மைனி, அண்ணாச்சிய ஏசாதிய. ஒங்க மேல உள்ள பிரியத்துலதான்..."

மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மற்ற நால்வரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இசக்கி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம் உண்டு.

"இந்த வண்டி பின்னால வந்தா, நான் போய்ச் சேந்தாலும் அது நான் போய்ச் சேந்ததா ஆகாது" என்றாள். "நீங்க இதுல ஏறி முன்னால போங்க. பண்ணை வீட்ல இருங்க. போன் பண்ணாதிய. நான் வருவேன்."

இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருந்தது. அதில் பாதி காடு.

என் சைக்கிளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு, ரோடு வழியாகச் சுற்றிப் போய் முக்கால் மணியில் சேர்ந்துவிட்டோம். முத்துப்பாண்டி மெத்தையை வராந்தாவில் விரித்துப் படுத்துவிட்டான். நான் வாசலில் நின்றேன். பண்ணை வீட்டுக் காவல்காரர் டீ கொடுத்தார். காட்டில் சிறுத்தை உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் இருட்டின பிறகுதான் வரும் என்றார். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஆனால் சிறுத்தைக்கு மணி பார்க்கத் தெரியுமா?

நாலு ஆயிற்று. நாலரை.

முத்துப்பாண்டி எழுந்து சாவியைக் கையில் எடுத்தான். "நான் வேணா ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்திரட்டா அண்ணாச்சி? மைனிக்குத் தெரியாம..."

டெம்போ கதவைத் திறந்தேன். ஒரு காலைக்கூட உள்ளே வைத்துவிட்டேன். இசக்கி சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக நான் கவலைப்பட்ட ஒவ்வொரு தடவையும், 'உன்னால் முடியாது' என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு இப்படித்தான் கேட்டிருக்கிறது.

"வேண்டாம்ல" என்றேன். காலை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பெரிய மூட்டையைத் தூக்கி இறக்கியது மாதிரி மூச்சு வாங்கியது.

ஐந்து மணி வாக்கில் மாமி வந்தார். பின்னாலேயே நான்கு பேர். இசக்கியைக் காணோம்.

"எங்க மாமி அவ?"

"வந்துண்டிருக்கா சார். 'எனக்காக யாரும் நிக்க வேண்டாம், முன்னால போங்கோ'ன்னுட்டா."

பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். தேக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து இசக்கி வந்தாள். முழங்காலில் சேறு. முழங்கையில் சிராய்ப்பு. ஹெல்மெட்டில் ஒரு தேக்கிலை ஒட்டியிருந்தது, குடை மாதிரி.

யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து சைக்கிளை ஸ்டாண்ட் போட்டாள். காவல்காரரும் நாங்களும் தவிர ஆளே இல்லாத அந்த இடத்தில் பூட்டும் போட்டாள். தாராவிக்காரி அல்லவா? பிறகு படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

கொடுத்தேன். "விழுந்தியா?"

"விழுந்தேன்."

"எங்கன?"

"அது ஒங்களுக்கு எதுக்கு? எந்திச்சி வந்துட்டம்லா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முகமெல்லாம் புழுதி, அதற்குள்ளே அப்படி ஒரு சிரிப்பு. இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. முத்துப்பாண்டி கைதட்டினான். அவனையும் மெத்தையையும் அன்று சாயங்காலமே பம்பாய்க்கு அனுப்பிவைத்தேன்.

அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறார்கள். என்னையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். மாமி சிபாரிசு. ஆனால் இசக்கி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். நான் எல்லோருக்கும் முன்னால் போக வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் திடீரென்று பிரேக் போட்டால், பின்னால் வருகிறவள் வந்து இடித்துக்கொள்வாளே... இதை யாரிடம் கேட்பது?