மச்சானின் குரலுக்கு இரண்டு வயர்

ஆனையூரில் எங்கள் வீட்டு டிவியின் முதுகில் வயர் சொருக ஒரே ஒரு வரிசைத் துளைகள்தான் உண்டு: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மூன்றிலும் கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸின் வயர்கள் இருந்தன. வெள்ளையும் சிவப்பும் லொடலொடவென்று ஆடியதால் இரண்டையும் சேர்த்து டேப் சுற்றி, மேலே காகிதத் துண்டு ஒட்டி, தேதியிட்டுச் சுருக்கொப்பமும் வைத்திருந்தேன். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் மூடியதாக எனக்குத் தோன்றும்.

அன்று அக்கா அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்:

"தம்பி, உன் மக கல்யாணத்துக்கு எடுத்த டிவிடி இருக்கா?"

"இருக்கு. உனக்குத்தான் கண்ணு தெரியலையே?"

"கேட்டாப் போதும். அதுல உங்க மச்சான் பேசுவாருல்ல?"

மச்சான், அதாவது அக்காவின் கணவர், இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. "போட்டோ வீடு பூராத் தொங்குது. குரலுதான் காதுல நிக்க மாட்டேங்குது. நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வரவே இல்ல" என்றாள். மச்சான் வைத்திருந்தது பட்டன் போன். அதில் பதிவு எதுவும் கிடையாது. அந்த டிவிடியைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதாக என் மகன் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா ஐந்து மணி பஸ்ஸுக்குப் போயாக வேண்டும். அப்போது மணி மூன்று.

பரணிலிருந்து டிவிடி பிளேயரை இறக்கினேன். அதன் கையேடு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மஞ்சள் வயர் படத்துக்கு என்று போட்டிருந்தது. பார்க்க வேண்டியது படம். ஆகவே செட்டாப் பாக்ஸின் மஞ்சளைப் பிடுங்கி, பிளேயரின் மஞ்சளைச் சொருகினேன். வெள்ளையும் சிவப்பும் டிவிக்கே சொந்தமான ஒலிபெருக்கிக்குப் போகிறவை, எந்தப் பெட்டி வந்தாலும் அவை பொதுதான் என்று நானாகவே ஒரு விதியை எழுதிக்கொண்டேன். தவிர, அவற்றின் மேல் என் சுருக்கொப்பம் இருந்தது.

படம் பளிச்சென்று வந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதினார். குழலிலிருந்து, "இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச, நடக்கிறதே வேற" என்று ஒரு மாமியாரின் குரல் வந்தது.

"எந்த மதினி இப்படிப் பேசுது, கல்யாண வீட்டுல?" என்று அக்கா பதறினாள்.

டிஸ்க்கில் கோளாறு என்று முடிவு செய்தேன். வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டேன். பந்தி நடக்கும் இடத்துக்கு ஓட்டினேன். மச்சான் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிப் பேசினார்.

"பழைய குக்கரைக் கொடுங்கள், புதிய குக்கரை வாங்கிச் செல்லுங்கள்!"

அக்கா முன்னால் குனிந்தாள். "யாருடா இது?"

"மச்சான்தான்."

"அவரு எப்படா குக்கரு வித்தாரு?"

நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொட்டு மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம். "விடு தம்பி, அழிஞ்சு போயிருக்கும்" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுக்களையிலிருந்து என் மனைவி வந்து திரையைப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள். "இது என் மூணு மணி சீரியல் சத்தமாச்சே. ஏங்க, படத்துக்கு மட்டும் டிரான்ஸ்பர் போட்டீகளாக்கும்? சத்தம் இன்னும் பழைய ஆபீஸ்லதான் கெடக்கு. அந்த ரெண்டையும் புடுங்குங்க."

"அதுல ஒட்டியிருக்கு."

"ஒட்டுனது யாரு, கலெக்டரா? நான் சாட்சி. கிழிங்க. மதினி, அந்தப் பையைக் கீழ வைங்க."

கிழித்தேன். டேப் பிசின் விரலில் ஒட்டியது. செட்டாப் பாக்ஸின் வெள்ளையும் சிவப்பும் வெளியே வந்தன. பிளேயருடையவை உள்ளே போயின. முப்பத்துநான்கு வருடம் பிறர் எழுதிய கோப்புகளில் குற்றம் கண்டுபிடித்த நான், இந்தக் கதையை என் மனைவி உறவினர் அனைவருக்கும் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தே காட்சியை மறுபடி பின்னால் ஓட்டினேன்.

எவர்சில்வர் வாளிகளின் சத்தம் முதலில் வந்தது. அதன் மேல் மச்சான்.

"ஏப்பா, கடைசி வரிசைக்கு இன்னும் ரசம் போகல, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? யோவ் கேமரா, இங்க என்ன இருக்குன்னு எடுக்கிற? பொண்ணு மாப்பிள்ளையப் போய் எடுய்யா. ஆளப் பாரு!"

அவ்வளவுதான். அப்புறம் யாரோ அப்பளக் கூடையோடு குறுக்கே வர, மச்சான் மறைந்துபோனார்.

அக்கா கண்களை மூடியிருந்தாள். "இந்த எரிச்சல்தான் தம்பி" என்றாள். "எப்பவும் சிடுசிடுன்னு. நான் அத விட்டுப்புட்டு, மெதுவாப் பேசுற மாதிரியே நெனச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். எங்குட்டு வரும்?"

நான் பின்னால் ஓட்டும் பட்டனை அழுத்தினேன். மச்சான் இன்னொரு முறை ரசம் கேட்டார்.